இணையவழி ஆங்கிலமும் நன்னூற் கணக்கும்

தமிழ்ப் பண்டிதன் ஒருவன் ஆங்கிலக் கல்வியைப் பற்றி எழுதப் புகுந்தால், "உமக்கேன் இவ்வேலை?" என்று கேட்பாரும் உளர். கேள்வி நியாயமானதே. கீழைத்தேயக் கல்லூரியொன்றிலே நிகண்டும் நன்னூலும் தொல்காப்பியமும் பயின்று, முப்பதாண்டுகளாகப் பன்விலப் பகுதியிலே தமிழ் படிப்பித்து வருபவன் யான். என் ஆங்கிலம், வங்கியிலே படிவம் நிரப்பவும் மருந்துச் சீட்டை வாசிக்கவும் போதுமான ஆங்கிலம், அவ்வளவே. ஆயினும் 2020, 2021ஆம் ஆண்டுகளிலே ஒரு வகுப்புப் பிள்ளைகளின் ஆங்கிலப் பாடம் என் கை வழியாகவே சென்றது. அது சென்ற வழியையும், சேர்ந்த இடத்தையும், சேராமற்போன இடத்தையும் கண்ணாற் கண்டவன் என்ற உரிமை ஒன்றே இக்கட்டுரைக்குக் காரணம்.

கண்டியிலிருந்து வத்துகாமம் வழியாகப் பன்விலைக்கு வந்து, அங்கிருந்து மடுல்கலைப் பக்கமாக மேலேறினால் ஒருபுறம் தேயிலையும் மறுபுறம் தும்பறை மலைகளும் தோன்றும். மடித்த கைவிரல் மூட்டுகளைப் போன்ற தோற்றங்கண்டு ஆங்கிலேயர் 'நக்கிள்ஸ்' என்று பெயரிட்ட மலைத்தொடர் இதுவே. 2010ஆம் ஆண்டிலே யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்ட மத்திய மலைநாட்டின் ஒரு கூறும் இதுவே. காண்பவர் கண்ணுக்கு விருந்தாகும் அம்மலை, கைப்பேசி அலைக்குத் தடையாகவும் நிற்கிறது. எங்கள் பக்கத்து லயங்களிலே, எந்த வளைவில் நின்றால் சிக்னல் கிடைக்கும் என்பதைப் பெரியோரினும் பிள்ளைகளே நன்கறிவர். கோயிலடி மரத்தின் கீழே கிடைக்கும். பத்தடி தள்ளி நின்றால் இல்லை.

2020ஆம் ஆண்டு மார்ச் மாத நடுப்பகுதியிலே கொரோனாத் தொற்றின் காரணமாக நாட்டின் பாடசாலைகள் யாவும் மூடப்பட்டன. பின்னர்த் திறப்பதும் மூடுவதுமாக ஏறத்தாழ இரண்டாண்டுகள் கழிந்தன. அப்பொழுது எங்கள் பாடசாலையில் ஆங்கில ஆசிரியர் பதவி வெற்றிடமாயிருந்தது. யான் பத்தாம் வகுப்பின் வகுப்பாசிரியன். முன்பு எம்மோடு பணியாற்றி, இப்பொழுது வத்துகாமத்திலே வசிக்கும் ஆங்கில ஆசிரியை ஒருவர், கேட்டதும் மனமுவந்து தம் குரலிலே பாடங்களைப் பதிந்து எனக்கு அனுப்பலானார். அவற்றை யான் வட்ஸ்அப் குழுவிலே பிள்ளைகளுக்கு அனுப்புவேன். பிள்ளைகள் எழுதிப் படம் பிடித்து அனுப்புவனவற்றை அம்மையாருக்குச் சேர்ப்பேன். நம் இலக்கியங்களிலே அன்னமும் கிளியும் மேகமும் தூது சென்றன. ஐம்பது வயதைக் கடந்தபின் யான் சென்றேன்.

தொலைக்கல்வியின் பழமை

தொலைவிலிருந்து கற்பது புதுவதன்று. 1840ஆம் ஆண்டிலே பிரித்தானியாவிலே ஒரு பென்னி அஞ்சல் தொடங்கியபோது, ஐசக் பிட்மன் என்பார் தமது சுருக்கெழுத்துப் பாடங்களை அஞ்சல்வழி அனுப்பிக் கற்பித்தார். மாணவர் எழுதி அனுப்பியவற்றைத் திருத்தித் திருப்பியும் அனுப்பினார். 1858 முதல் லண்டன் பல்கலைக்கழகம் தன் கல்லூரிகளிலே பயிலாதார்க்கும் தேர்வுக் கதவைத் திறந்தது. நம் சுவாமி விபுலாநந்தர் ஈழத்திலிருந்தவாறே அப்பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தைப் பெற்றவர். பிற்காலத்திலே யாழ் நூலின் கணிதத்துக்கு அவ்விஞ்ஞானப் பயிற்சியும் துணைநின்றதன்றோ! 1925 டிசம்பரிலே கொழும்பு வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது. 1943இலே பி.பி.சி. நிறுவனம் வானொலிவழி ஆங்கிலம் கற்பிக்கும் நிகழ்ச்சியை ஆரம்பித்தது. அஞ்சல், வானொலி, தொலைக்காட்சி, இணையம் என ஊர்தி மாறிவந்தது. தொலைவு கடக்கும் முயற்சி ஒன்றே.

இவற்றுள் ஒரு வேறுபாட்டை நோக்குக. பிட்மனின் அஞ்சல் மெதுவானது. எனினும் திருத்தம் திரும்பி வந்தது. வானொலி விரைவானது, எனினும் கேட்டவன் வாய்திறந்து சொன்னதை அது கேட்கவில்லை. மொழிக் கல்வியிலே உயிர்நிலை இதுவேயாம். சரித்திரத்தைக் கேட்டறியலாம்; மொழியையோ சொல்லித்தான் அறிதல் வேண்டும். சொன்னது பிழையெனின் அக்கணமே ஒருவர் திருத்துதல் வேண்டும்.

ஆங்கிலம் எங்கள் பிள்ளைகளுக்கு என்ன?

1945ஆம் ஆண்டிலே கன்னங்கரா அவர்களின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. ஆனால் அந்தச் சூரியனின் வெளிச்சம் தோட்டப் பள்ளிகளின் மேல் விழப் பல்லாண்டு சென்றது. 1970களிலே அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கிய பின்னரே லயத்துப் பிள்ளைகள் பொதுக் கல்வியோட்டத்திலே கலந்தனர். ஆகவே, வேறிடத்துப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் மூன்றாந் தலைமுறைச் சொத்தாயிருக்க, எங்கள் பிள்ளைகளுக்கு அது முதல் தலைமுறைக் கடனாயிருக்கிறது.

பேராதனைப் பல்கலைக்கழகத்துச் சிங்கள மாணவர் ஆங்கிலத்தைக் 'கடுவ' என்பர். கடுவ என்றால் வாள். அச்சொல்லை ஆராய்ந்து, இந்நாட்டிலே ஆங்கிலம் எவ்வாறு அதிகாரத்தின் ஆயுதமாயிற்று என 1984இலே கட்டுரை வரைந்தவர் பேராசிரியர் திரு கந்தையா. வாளைப் பிடித்தவன் உள்ளே செல்கிறான். பிடிக்காதவன் வாயிலிலே நிற்கிறான். அவ்வாளையே ஏராக மாற்றியவரும் மலைநாட்டிலே இருந்தார். தேயிலைத் தொழிலாளரின் துயரத்தை ஆங்கிலக் கவிதையிலே பாடிய சி.வி. வேலுப்பிள்ளை அவர்களே அவர். ஒரு தோட்டத்துப் பிள்ளைக்கு ஆங்கிலம் கிட்டினால் என்ன நிகழக்கூடும் என்பதற்கு அவர் ஒருவரே போதிய சான்று. ஆதலால், இணையவழி ஆங்கிலம் பலன் தந்ததா என்ற வினா எங்களுக்குப் பொழுதுபோக்கு வாதமன்று.

நன்னூற் கணக்கு

பலனை எவ்வாறு அளப்பது? யான் அறிந்த அளவுகோல் பவணந்தி முனிவர் தந்தது. நன்னூலின் பொதுப்பாயிரத்திலே பாடங் கேட்கும் முறையைக் கூறுமிடத்து அவர் ஒரு கணக்குச் சொல்கிறார். ஆசிரியர் உரைத்ததை எவ்வளவு கருத்தாகக் கேட்டாலும் மாணாக்கனுக்குக் கால்பங்கு அறிவே கைகூடும். உடன் பயில்வாரோடு பழகிப் பயிலுதலால் இன்னொரு கால்பங்கு. தான் கற்றதைப் பிறர்க்குச் செவ்வனே எடுத்துரைத்தலால் எஞ்சிய அரைப்பங்கு. கால், கால், அரை: இக்கணக்கை வகுப்பிலே ஆண்டுதோறும் படிப்பித்தவன் யான். அதன் உண்மையை அந்த இரண்டாண்டுகளிலேதான் கண்டேன்.

முதற் கால்பங்கை எடுத்துக்கொள்வோம். இதிலே இணையவழிக்கு உரிய புகழை மறைத்தல் நடுநிலையன்று. தொலைக்காட்சியிலே சிங்களத்தில் 'குரு கெதர' எனவும் தமிழில் 'குருகுலம்' எனவும் பாடங்கள் ஒளிபரப்பாயின. கல்வி அமைச்சின் 'ஈ-தக்சலாவ' இணையத்தளத்திலே மூன்று மொழிகளிலும் பாடங்கள் இருந்தன. எங்கள் அம்மையாரின் குரற்பதிவோ மூன்று நிமிடம், நான்கு நிமிடந்தான். எனினும் பிள்ளை அதைப் பத்துமுறை கேட்கலாம். பத்தாம் முறையும் அக்குரல் சினங்கொள்வதில்லை. வகுப்பிலே எழுந்து நின்று, "விளங்கவில்லை டீச்சர்" என்று சொல்லக் கூசும் பிள்ளைக்கு இது பெரும் பேறு. ஆசிரியரே இல்லாத வகுப்பிலே ஆசிரியரின் குரலாவது ஒலித்தது. முதற் கால்பங்கிலே பெரும்பகுதி பிள்ளைகளைச் சேர்ந்தது என்றே சொல்வேன்.

பெரும்பகுதி என்றேன், முழுதும் என்றேனல்லேன். மொழியின் ஒலி செவியால் மட்டும் வருவதன்று. தொல்காப்பியர் பிறப்பியல் என ஓர் இயலே வகுத்து, உந்தியிலிருந்து எழுங்காற்று மிடற்றிலும் நாவிலும் பல்லிலும் இதழிலும் எவ்வாறு எழுத்தாகிறது என விளக்கினார். ஆங்கிலத்திலே காற்றாடியைக் குறிக்கும் 'ஃபான்' என்ற சொல்லை எங்கள் பிள்ளைகள் 'பான்' என்பர், காற்றாடி சட்டியாகிவிடும். பதிவை எத்துணை முறை கேட்டாலும் இப்பிழை தீரவில்லை. காரணம், நமக்கு இல்லாத ஒலியை நம் செவி நமக்குள்ள ஒலியாகவே கேட்கிறது. கைப்பேசிக் குரலோ மெல்லொலிகளை அரைகுறையாகவே கொண்டுவருகிறது. ஆனால் வகரம் மேற்பல்லும் கீழிதழும் இயையப் பிறப்பது என்பது தொல்காப்பியம் கண்ட உண்மை. அவ்விடத்திலேயே, குரலை எழுப்பாது காற்றை மட்டும் விட்டால் அந்த ஆங்கில ஒலி தோன்றும். யான் ஒரு வாயின் படத்தை வரைந்து, இதழையும் பல்லையும் குறித்து அனுப்பினேன். சிலர்க்குப் பயன்பட்டது. பாடசாலை திறந்தபின், ஒரு கைக்கண்ணாடியைக் கொடுத்து, "வகரத்தைச் சொல், இனிச் சத்தமின்றி ஊது" என்றபோது அரை மணி நேரத்திலே வகுப்பு முழுவதற்கும் வந்தது. ஆறு திங்கட் பதிவு செய்யாததை ஒரு கண்ணாடி செய்தது.

இரண்டாவது கால்பங்கு, உடன் பயில்வாரோடு பழகுதல். இது ஏறக்குறைய முற்றாக அழிந்தது. வசதியுள்ள பாடசாலைகளிலே சூம் வழியாகவேனும் பிள்ளைகள் ஒருவர் முகத்தை ஒருவர் கண்டனர்; இலவசமாயின் அதற்கும் நாற்பது நிமிட எல்லை. எங்களுக்கு வட்ஸ்அப் ஒன்றே. அதிலே ஒவ்வொரு பிள்ளையும் ஆசிரியரோடு பேசிற்று. பிள்ளை பிள்ளையோடு பேசவில்லை. உரையாடல் என்பது பந்தெறிதலைப் போன்றது. எறிந்தவன் கையிலிருந்து பந்து மற்றவன் கைக்குச் சென்று மீளவேண்டும். பதிவு செய்த வினாவுக்கு மறுநாள் பதிவு செய்த விடை வந்தால் அது உரையாடலாகாது.

நகர்ப்புறத்துக் கடைக்காரர் ஒருவரின் மகன் எங்கள் வகுப்பிலே இருந்தான். நல்ல கைப்பேசி, குறையாத டேட்டா, இணையவழித் தனி வகுப்பு யாவும் அவனுக்கு இருந்தன. பயிற்சி ஒன்றையும் அவன் தவறவிடவில்லை. இலக்கணத்திலே பிழை காண்டல் அரிது. பாடசாலை திறந்ததும் அம்மையார் ஒருநாள் வந்து, அவன் பெயரையும் ஊரையும் பொழுதுபோக்கையும் ஆங்கிலத்திலே வினாவினார். அவன் தலைகுனிந்து நின்றான். எழுதச் சொன்னபோது ஒரு பக்கம் எழுதினான். க.பொ.த. சாதாரண தர ஆங்கிலத் தேர்வு எழுத்துத் தேர்வே ஆதலின் அவனுக்கு நற்புள்ளி கிடைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆனால் நாளை ஒரு நேர்முகத் தேர்விலே அவன் கையிலே வாள் இருக்குமா, உறைமட்டும் இருக்குமா?

இனி, எஞ்சிய அரைப்பங்கு. இதைக் கண்டது ஒரு லயத்து இஸ்தோப்பிலே. தகப்பனின் கைப்பேசி ஒன்றே அவ்வீட்டிலிருந்தது. காலையிலே அவரோடு மலைக்குப் போய்விடும். மாலை வந்தபின்னரே மகள் அதைத் தொடலாம். எங்கள் வகுப்பு மாணவியாகிய அப்பெண், இரவிலே பாடத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு, ஞாயிறு தோறும் கைப்பேசி இல்லாத அயல்வீட்டுப் பிள்ளைகள் நால்வரை இஸ்தோப்பிலே இருத்தி அதனைச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அவர்கள் விளங்காமல் வினவும்போதெல்லாம், வேறு சொற்களிலே வேறு உதாரணங்களோடு மீண்டும் சொல்ல வேண்டியிருந்திருக்கிறது. அம்மையார் கேட்ட வினாக்களுக்குப் பிழையும் திருத்தமுமாகத் தயக்கமின்றி வாய்திறந்து விடைசொன்னவள் அவளே. "எப்படியம்மா படித்தாய்?" என்று கேட்டேன். "நான் படிச்சது கொஞ்சந்தாங்க சேர். இதுகளுக்குச் சொல்லிக் குடுக்கப் போயித்தான் எனக்கே வந்துச்சு" என்றாள். நன்னூலை அவள் அதுவரை கண்டதில்லை.

ஆராய்ச்சியாளர் கூறுவது

என் ஒரு வகுப்பைக்கொண்டு நாட்டுக்கு விதி கூறத் துணியேன். எனினும் உலகத்து ஆராய்ச்சிகளும் இதனோடு முரண்படவில்லை. அமெரிக்கக் கல்வித் திணைக்களம் பல ஆய்வுகளைத் தொகுத்து 2010இலே வெளியிட்ட அறிக்கை, இணையக் கல்வியும் நேர்க்கல்வியும் கலந்தவிடத்துப் பலன் மிகுந்தது எனக் கண்டது. ஆனால், அவ்வாறு கற்றோர்க்குக் கூடுதலான நேரமும் துணைப்பாடங்களும் கிடைத்தன. ஆகவே பலனை ஊடகத்தின் மேல் மட்டும் ஏற்றலாகாது எனவும் அவ்வறிக்கையே எச்சரித்தது. அதிலே அடங்கிய ஆய்வுகளுட் பெரும்பாலானவை பள்ளிப் பிள்ளைகளைப் பற்றியனவுமல்ல. 1983இலே ரிச்சர்ட் கிளார்க் என்னும் அறிஞர் இன்னும் வெளிப்படையாகக் கூறினார்: ஊடகம் சரக்கு வண்டி, உண்பவன் உடல் தேறுவது வண்டியாலன்று, அது கொணர்ந்த உணவால்.

அது முற்றும் சரி. ஆயினும் எங்கள் மலையிலே முதல் வினா, வண்டி வந்ததா என்பதே. 2019ஆம் ஆண்டின் அரச கணக்கெடுப்பின்படி இந்நாட்டிலே ஏறத்தாழ ஐந்தில் ஒரு வீட்டிலேயே கணினி இருந்தது. தோட்டத்துறையிலே அதனினும் மிகக் குறைவு. 2021இலே பதுளை மாவட்டத்து மலைக்கிராமங்களிலே பிள்ளைகள் சிக்னல் தேடிப் பாறை உச்சிக்கும் மரத்திலே கட்டிய பரணுக்கும் ஏறியதை உலகப் பத்திரிகைகள் படத்துடன் வெளியிட்டன. அவ்வாண்டு ஜூலையிலே, சம்பள முரண்பாட்டுக்குத் தீர்வு வேண்டி ஆசிரிய சங்கங்கள் இணையவழிக் கற்பித்தலினின்று விலகின. ஒக்டோபர் வரை அது நீடித்தது. ஆசிரியர் தம் கைப்பணத்தாலேயே டேட்டா வாங்கிப் படிப்பித்த காலம் அது என்பதையும், விலகிய திங்கள்களிலே பிள்ளைகளுக்கு ஒரு குரலும் செல்லவில்லை என்பதையும் ஒருசேர நினைத்தல் வேண்டும். 2022இலே எரிபொருள் இல்லாமையால் பாடசாலைகள் மீண்டும் மூடப்பட்டன. 2025 நவம்பர் இறுதியிலே டித்வா சூறாவளி கண்டி மாவட்டத்து மலைகளைச் சரித்தபோது பாதையோடு மின்சாரமும் அலையும் சேர்ந்தே அற்றன. இணையவழிக் கல்வி மிகத் தேவைப்படும் நாளிலே அதுவும் தடைப்படுதல் கூடும் என்பது அன்று தெளிவாயிற்று.

செய்யத்தக்கன

ஆதலால் யான் துணிந்தவற்றைச் சுருங்கக் கூறுவேன். முதலாவது, ஆங்கில ஆசிரியர் இல்லாத பாடசாலைக்கு இணையவழி ஒரு வரப்பிரசாதம். அதனை நோய்க்காலத்து மருந்தென ஒதுக்கிவிடாது, ஒரு நல்லாசிரியரின் குரலைப் பத்துப் பள்ளிகளுக்குக் கொண்டுசெல்லும் வழியாக என்றும் வைத்திருத்தல் நன்று. இரண்டாவது, பாடம் குறுகியதாகவும், இறக்கி வைத்துப் பலமுறை கேட்கத்தக்கதாகவும் அமைதல் வேண்டும். எங்கள் மலைக்கு ஒளிப்படக் காட்சியினும் குரற்பதிவே ஏற்றது. மூன்றாவது, கைப்பேசிக்கு ஒரு பிள்ளை என்று எண்ணாது, கைப்பேசி ஒன்றைச் சூழ்ந்து ஐந்து பிள்ளைகள் என்று எண்ணுக. அவ்வைவருள் வாரம் ஒருவர் மற்றையோர்க்கு ஆசிரியராகுக. வறுமையால் நேர்ந்த அந்த இஸ்தோப்பு வகுப்பே, நன்னூல் கண்ட முறையை நிறைவேற்றியது. நான்காவது, ஆங்கிலத் தேர்விலே பேச்சுக்கும் புள்ளி வேண்டும். தேர்வு கேளாததை வகுப்பு கற்பிப்பதில்லை. ஐந்தாவது, திங்களுக்கு ஒருமுறையேனும் ஆசிரியர் நேரிலே சென்று பிள்ளையின் வாயைப் பார்த்தல் வேண்டும்.

ஐந்தாவதை வற்புறுத்துவதற்குக் காரணம் என் சொந்தத் தவறு. அவ்விரண்டாண்டுகளிலே குழுவில் ஒருநாளும் தோன்றாத மாணவன் ஒருவன் இருந்தான். வரவுப் பதிவேட்டிலே அவன் பெயருக்கு நேரே 'ஆர்வமில்லை' என்று என் கையாலே எழுதினேன். பாடசாலை திறந்தபின்னும் அவன் வரவில்லை. லயத்துக்குச் சென்று விசாரித்தேன். தாய் வெளியே வந்து, "கொழும்புக்குக் கடை வேலைக்குப் போயிட்டானுங்க சேர். பாடத்துக்கு ஒரு போன் வாங்கணும், நாலு மாசத்துல வந்துருவேன்னு சொல்லிட்டுத்தான் போனான்" என்றாள். உள்ளே சென்று ஒரு பெட்டியைக் கொண்டுவந்து காட்டினாள். போன் வாங்கியிருந்தான்; தங்கைக்கு அனுப்பியிருந்தான். நாலு மாதம் ஓராண்டாகி, அவனுக்குப் பள்ளிப் பருவம் முடிந்துவிட்டது.

அன்று மாலை பதிவேட்டை எடுத்து அச்சொல்லை வெட்டி, 'கைப்பேசி இல்லை' என்று திருத்தி எழுதினேன். இணையவழிக் கல்வி பலன் தந்ததா என்று கணக்கெடுப்போர், வந்த பிள்ளைகளின் புள்ளிகளைக் கூட்டுமுன், வராத பிள்ளைகளின் பெயர்களுக்கு நேரே என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பதையும் பார்த்தல் வேண்டும். அவனுடைய தங்கை இப்பொழுது எங்கள் பாடசாலையிலேதான் படிக்கிறாள். அண்ணன் அனுப்பிய போனிலே பாடங்கேட்டு, ஞாயிறு தோறும் இஸ்தோப்பிலே நால்வருக்குச் சொல்லிக்கொடுக்கிறாள்.